கால் நனைந்த கதை

ஃப்ரைபர்க், ஜெர்மனி
11 மே 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

கிளம்பும்போது "எங்கே வேணும்னாலும் போ, தண்ணியில மட்டும் கால வைக்காதே" என்று சொன்னாய் அல்லவா? அது சம்பந்தமாக ஒரு விஷயம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொன்னால் நீ பதறுவாய். கடைசியில் சொல்கிறேன். நடுவில் தாண்டிப் படிக்காதே.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு என்றால் ஊரே கடையடைப்பு. வந்த முதல் ஞாயிறன்று அரிசி வாங்கப் போனேன். ஒரு கடை இல்லை. பக்கத்து அறைத் துருக்கிக்காரப் பையனிடம் "எந்தக் கட்சி பந்த்?" என்று கேட்டேன். வாராவாரம் இப்படித்தானாம். காலி பாட்டிலைத் தொட்டியில் போடக்கூட இன்று கூடாது, சத்தம் கேட்குமாம். பாட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் காசைத் தருகிறார்கள். நம்ம ஊர் மீன்வெட்டிப் பாறை அருவிப் பக்கம் இந்தத் திட்டம் வந்தால் பொறுக்கியே ஒரு மாந்தோப்பு வாங்கிவிடலாம்.

நம்ம மணியை இங்கே கொண்டுவரலாமா என்று தம்பி கேட்டிருந்தான். ராஜபாளையம் நாயென்ன, ராஜாவே வளர்த்த நாயென்ன, இங்கே நாய் வைத்திருந்தால் ஊராட்சிக்கு வரி கட்ட வேண்டும். அது உயரத்துக்கு ரயிலில் டிக்கெட்டும் எடுக்க வேண்டும். மணி தோப்பிலேயே இருக்கட்டும்.

படிப்புக்கு வருகிறேன். இந்தப் பல்கலைக்கழகம் 1457-ல் தொடங்கியது. அட்டவணையில் பத்து மணி என்று போட்டிருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத்தான். அந்தக் கால் மணிக்கு 'கல்விக் கால்மணி' என்று பெயர் வைத்து மரியாதை செய்திருக்கிறார்கள். இதே கால் மணி தாமதத்துக்குத்தானே நான் அங்கே காலேஜில் மூன்று வருஷம் வாசலில் நின்றேன்! முதல் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மேஜையைத் தட்டினார்கள். போராட்டம்தான் என்று நினைத்துப் பையைத் தூக்கிவிட்டேன். வாத்தியார் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இங்கே கைதட்டலுக்குப் பதில் அதுவாம்.

அப்பாவிடம் சொல்: காட்டழகர் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் அவர் வாக்குவாதம் பண்ணுகிறாரே, அந்த வனத்துறையை அகில இந்திய அளவில் 1864-ல் தொடங்கி நடத்தியதே ஒரு ஜெர்மன்காரர்தான். டீட்ரிக் பிராண்டிஸ் என்று பேர், பான் நகரத்துக்காரர். இனிமேல் சண்டை என்றால் நேராக இங்கே வரட்டும்.

ஊருக்கு ஒட்டினாற்போல் கருங்காடு என்று ஒரு மலைக்காடு. அங்கே ஒரு செவ்வணிலைக் காட்டி எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நம் கையளவு உடம்பு. எங்க செண்பகத்தோப்பு சாம்பல் அணில் பூனை அளவு இருக்கும், மாங்காயைக் கடித்துவிட்டு மிச்சத்தை எங்க அப்பா தலையில் போடும், அதற்கென்றே 1988-ல் சரணாலயம் வைத்திருக்கிறோம் என்றேன். நம்பவில்லை. கோபுர விஷயத்தில்தான் கொஞ்சம் அடிவாங்கினேன். நம்ம ஆண்டாள் கோவில் கோபுரம் 192 அடி என்று பெருமையாகச் சொன்னேன். இங்குள்ள மின்ஸ்டர் தேவாலயக் கோபுரம் 116 மீட்டர். அடியில் எவ்வளவு என்று அப்பாவைக் கணக்குப் போடச் சொல்லாதே, மனசு கஷ்டப்படுவார். "எங்க கோபுரம் கவர்மெண்ட் முத்திரையில் இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

பால்கோவா பற்றிக் கேட்டாய். நீ சேலைக்கு நடுவில் ஒளித்து வைத்த இரண்டு கிலோவை நான் கொண்டுவரவே இல்லை. வெளியிலிருந்து பால் பண்டம் எதையும் பயணிகள் இங்கே எடுத்துவரக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். விமான நிலையத்தில் கீழே போட மனசு வருமா? நானும் அப்பாவும் அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம். சர்க்கரை இருக்கிறதே என்றேன். "பால்கோவாவில இருக்கிறது வேற சர்க்கரைடா" என்றார்.

ஏக்கம் தாங்காமல் போன சனிக்கிழமை பொதுச் சமையலறையில் இரண்டு லிட்டர் பாலை ஏற்றிக் கிண்டினேன். விறகடுப்பு இல்லை, கரண்ட் அடுப்புதான். அரை மணிக்கு ஒருவராக வந்து, "இன்னுமா?" என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, பால் கெட்டுவிட்டதோ என்று மெதுவாகக் கேட்டாள். இரண்டு மணி நேரம் கிண்டியது எட்டுக் கரண்டியில் காலி. கேட்டவள்தான் சட்டியை வழித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய நகரத்தின் தெருவெல்லாம் ஓரத்தில் சின்னச் சின்ன வாய்க்கால் ஓடுகிறது. ட்ரைசாம் ஆற்றுத் தண்ணீர். 'பெக்லே' என்கிறார்கள். அகலம் நம்ம தோப்பு வரப்பு அளவுதான். தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நடந்தேனா, வலது கால் செருப்போடு உள்ளே போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இதற்கு மட்டும் மேஜை தேடவில்லை. பூக்கடைப் பாட்டியம்மா ஒருவர் வந்து விளக்கினார். தெரியாமல் பெக்லேயில் கால் வைத்தவர்கள் ஃப்ரைபர்க்காரரைத்தான் கல்யாணம் செய்வார்களாம். இது ஊர் நம்பிக்கை.

பதறாதே. நனைந்தது ஒரு கால்தான்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. பால்கோவா கதையை நான் சொன்னேன் என்பதையும் சொல்லாதே.

உன் அன்பு மகன்

பி.கு: சட்டியை வழித்தவள் எந்த ஊர் என்று அடுத்த கடிதத்தில் கேட்காதே. இந்த ஊர்தான்.