ஆட்டிசமும் ஆவணங்களும்

ஆட்டிசம் வாழ்நாள் முழுக்க உடன் வருவது; குழந்தைக்குத் தரப்படும் மாற்றுத்திறன் சான்றிதழோ பல சமயம் தற்காலிகமானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரித்த 21 வகைகளுள் அதுவும் ஒன்று என்பதால், முதல் வேலை மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது. அதற்குப் புகைப்படம் வேண்டும். முகம் பார்ப்பதில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த பிள்ளையை, "இங்க பாரு செல்லம்" என்று ஸ்டூடியோக்காரர் சாவிக்கொத்தை ஆட்டி அழைப்பார். அப்பா பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொள்வார்.

அடுத்து அரசு மருத்துவமனை. இரைச்சல் தாங்காத குழந்தைகள், டோக்கன் எண்ணைக் கூவும் தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். பிறகு 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். சலுகைக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு தேவை. பிள்ளைக்கு மதிப்பெண் கூடினால் பெற்றோர் சந்தோஷப்பட முடியாத ஒரே பரீட்சை இதுதான்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும், தெரபிக்கும் சேர்த்து. பெரும்பாலும் முதலில் கைக்காசு. ரசீது அனுப்பிய பிறகு காத்திருப்பு.

18 வயது நிரம்பியதும், தேவைப்பட்டால், பெற்றவர்களே ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் தங்களைப் பிள்ளைக்குப் பாதுகாவலராக நியமிக்கக் கோரி மனுப் போடலாம். ஜெராக்ஸ் மறக்கக்கூடாது.