வெறுங்கையோடு வந்த விருந்தாளி

கே: ஹெபடைடிஸ் சி வைரஸிடம் மொத்தமே பத்துப் புரதம்தானாமே, எப்படிப் பிழைக்கிறது?

ப: வீட்டோடு மாப்பிள்ளையாகத்தான்! செலவெல்லாம் கல்லீரல் செல்லுக்கு. வைரஸின் என்எஸ்5ஏ புரதத்துக்கு நொதி வேலை எதுவும் தெரியாது. ஆள் பிடிப்பதில் மட்டும் படு கெட்டி. செல்லின் பிஐ4 கைனேஸ் நொதியை இழுத்துவந்து, வைரஸ் பெருகுவதற்கான சவ்வுக்கூட்டைக் கட்டவைக்கிறது. செல்லின் சைக்ளோஃபிலின் ஏ புரதமும் கூட்டாளி.

பெரிய கூத்து, அதே செல்லின் மைஆர்-122. பிற ஆர்.என்.ஏ.க்களை அடக்குவதே இந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வின் தொழில். வைரஸ் ஆர்.என்.ஏ.வைக் கண்டால் மட்டும் அதன் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு, சிதையாமல் காவல் காக்கிறது! 2005-இல்தான் இந்தக் குட்டு வெளிப்பட்டது.

இந்தக் கூட்டாளிகளை மடக்கும் மருந்துகளும் சோதனைக்குப் போயின. கடைசியில் ஜெயித்ததோ, 2013-இல் வந்த சோஃபோஸ்புவிர். அது அடிப்பது வைரஸின் சொந்த நொதியான என்எஸ்5பி-யை.