பல்லுக்குக் குழாய்

அமெரிக்காவில் ஒரு பிளம்பர், பல் டாக்டர் வீட்டுக் குழாய் ஒழுகலை அடைக்கிறார். பதிலுக்கு டாக்டர் அவருடைய சொத்தைப் பல்லை அடைக்கிறார். காலணா கைமாறவில்லை. ஆனாலும் வரித்துறை விடாது: தத்தமக்குக் கிடைத்த வேலையின் சந்தை மதிப்பை இருவரும் வருமானமாகக் காட்ட வேண்டும்.

வரித்துறையின் 1979-ஆம் ஆண்டு விளக்க ஆணை ஒன்று இன்னும் ருசி. பெயின்டருக்கு வக்கீல் சட்ட உதவி செய்தார். பெயின்டர் வக்கீல் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார். அதே ஆணையில் ஒரு கட்டட உரிமையாளர் ஓர் ஓவியத்தை வாங்கிக்கொண்டு, ஓவியரை ஆறு மாதம் வாடகையின்றிக் குடிவைத்தார். நால்வர் கணக்கிலும் வருமானம் ஏறியது.

கொஞ்சம் ஈரமும் உண்டு. அக்கம்பக்கத்துப் பெற்றோர் லாப நோக்கின்றிக் குழந்தைகளை முறைவைத்துப் பார்த்துக்கொண்டால், அந்த ஏற்பாடு, பரிமாற்றங்களை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய ‘பண்டமாற்று நிலையம்’ ஆகாது.

வரியை மட்டும் டாலரில்தான் கட்ட வேண்டும். வரி அலுவலகத்துக்குப் பெயின்ட் அடித்துக் கழிக்க வழியில்லை.