பம்பர்ப் புணரியல்

இவ்வாய்வின் பொருள் பாடி கிட். எல்லைப் பரப்பு மிட்சுபிஷி லான்சர். கால எல்லை 1992 முதல் நேற்று மாலை வரை. ஆய்வு அணுகுமுறை, காரின் முன் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தல்.

இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை. இல்லை என்பதை நிறுவத் தனியே ஓர் இயல் எழுதுவதே முறை. பட்டத்துக்காக எழுதவில்லை என்பதால் விடுக்கின்றோம். ஆனால் ‘பம்பராகமம்’ என்றொரு நூல் முற்காலத்தில் இருந்து கடல்கோளில் மறைந்தது என்று துணியலாம். அந்நூல் இருந்ததற்கு வலுவான சான்று, அது இப்போது எங்கும் இல்லை என்பதே. இதைவிட மெலிந்த சான்றின்மேல் கண்டங்களே எழுப்பப்பட்டிருக்கின்றன.

கிட்டின் தோற்றம் பற்றிப் பெரிய சண்டை எதுவும் இல்லாததால் இப்பகுதி சுருங்கும். லான்சர் எவல்யூஷன் 1992-இல் வந்தது. உலக ராலிப் போட்டியின் குரூப் ஏ பிரிவில் ஒரு கார் ஓட வேண்டுமென்றால், அதே காரை 2,500 எண்ணிக்கையிலாவது செய்து பொதுமக்களுக்கு விற்க வேண்டும் என்பது அக்கால விதி. போட்டிக் காருக்கு இறக்கை வேண்டுமென்றால், காய்கறி வாங்கப் போகிறவரின் காரிலும் இறக்கை இருந்தாக வேண்டும். ஆக, எவோவின் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய இறக்கை அலங்காரமாகப் பிறக்கவில்லை, சட்டத் தேவையாகப் பிறந்தது. அந்தக் காரில் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு இறக்கை இல்லாத லான்சர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் முதுகு அரிக்கத் தொடங்கியது.

நம்மூரில் அந்த அரிப்புக்கு முகவரி உண்டு. 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் லான்சர் கட்டப்பட்டது. அழகான, அடக்கமான, இறக்கையில்லாத கார். அதே உடற்கட்டில் ஜப்பானில் வந்தவை எவோ 4, 5, 6. பார்வைக்கு மூன்றும் சகோதரர்கள். அளவு நாடா வைத்தால் குட்டு வெளிப்படும். எவோ 4-இன் அகலம் 1,690 மில்லிமீட்டர், நம் லான்சரின் அகலமும் அதுவே. எவோ 5-இல் சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர்கள் புடைத்து, அகலம் 1,770 ஆகிவிட்டது. பக்கத்துக்கு 40 மில்லிமீட்டர். படத்தில் பார்த்து எவோ 5 பம்பரை வாங்கியவர் வீட்டில், பம்பர் காரைத் தாண்டி இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கும். ஃபெண்டரையும் பானெட்டையும் சேர்த்து மாற்றினால் ஒழிய அது உள்ளே போகாது. இந்த 40 மில்லிமீட்டரே இவ்வாய்வின் சிக்கல்.

மூலப்பொருளை மூன்றாகப் பகுப்பர். ஃபைபர் விலை குறைவு, எடை குறைவு, ஆயுள் முதல் வேகத்தடை வரை. பியூ எனப்படும் பாலியூரித்தேன் வளைந்து கொடுக்கும். ஆனால் வளையும் பொருளின்மேல் வளையாத பெயின்ட் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும், ஆகவே பெயின்டில் நெகிழ்வு தரும் கலவை சேர்க்க வேண்டும். கார்பன் என்று விற்பதில் பெரும்பங்கு ஸ்டிக்கர். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று எழுதி விற்கப்படும் நான்காவது வகையைத் தருக்க நூலார் அதிவியாப்திக் குற்றம் என ஒதுக்குவர். எதற்கும் பொருந்தாது என்பது அதன் உரை.

இனி உறுப்புகள். சைடு ஸ்கர்ட் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பின்பக்க டிஃபியூசர், பின்னால் வருபவருக்காக வாங்கப்படுவது.

கூரையின் பின்விளிம்பில் சுறாப்பல் வரிசைபோல் நிற்கும் சின்னத் துடுப்புகளுக்கு மட்டும் ஒரு பத்தி தேவை. மிட்சுபிஷியின் பொறியாளர்கள் இவற்றை ஆராய்ந்து தங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் 2004-இல் கட்டுரை எழுதினார்கள். கூரையை ஒட்டி வரும் காற்று பின்கண்ணாடிச் சரிவில் காரை விட்டுப் பிரிகிறது. பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் சிறு சுழல்களை உண்டாக்கினால் பிரிவு தள்ளிப்போகும். உயரம் 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும் என்று கணித்தார்கள். எவோவில் பொருத்திப் பார்த்ததில் காற்றுத்தடைக் கெழு குறைந்தது 0.006. இந்த முடிவைச் சொல்லக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார்கள். நம் கருத்தரங்க மலர்களில், பதிவுக் கட்டணம் செலுத்தி, நூல் எண் பெற்று வெளியாகும் கட்டுரைகள் பல, இதைவிடச் சிறிய முடிவுகளை அளக்காமலே எட்டியிருக்கின்றன. இடம் தவறிப் பானெட்டின்மேல் ஒட்டப்படும் துடுப்புகள் எக்காற்றுக்காக என்பது ஆய்வுக்குரியது.

மையப் பகுதிக்கு வருகிறோம். ஃபெண்டர் நிலைமொழி, பம்பர் வருமொழி. இரண்டும் சேரும் இடம் புணர்ச்சி. இதை மறந்து ஸ்பேனரைக் கையில் எடுத்ததால்தான் இத்தனை பம்பர்கள் தொங்குகின்றன. கடல் கொண்ட பம்பராகமத்தில் இப்படி ஒரு சூத்திரம் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் அது பின்வருமாறு இருந்திருக்கும்:

நின்ற ஃபெண்டர் நேர்வரும் பம்பரோடு
ஒன்றா திடையிலோர் கேப்வரத் தோன்றின்
ஒட்டும் டேப்பும் வாஷரும் லப்பமும்
பட்டறை வழக்கென மொழிப கற்றோர்.

எந்த மாற்றமும் இன்றிச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. எடுத்துக்காட்டுக்கு மலேசியா செல்ல வேண்டும். அங்கே 1993-இல் வந்த புரோட்டான் வீரா, முந்தைய தலைமுறை லான்சரின் உடற்கட்டே. அதில் எவோ 3-இன் முகத்தை மாட்டி அந்நாட்டார் ஒரு தலைமுறையே ஓட்டினார்கள். உடம்பு ஒன்று என்பதால் முகமும் ஒத்துக்கொண்டது. நமக்கு வாய்ப்பதெல்லாம் விகாரப் புணர்ச்சி. அதில் தோன்றல் என்பது இல்லாத ஒன்று இடையில் வருவது: இரட்டைப்பக்க டேப், வாஷர், லப்பம். இவை உடம்படுமெய் என்க. காரின் உடம்பைப் படுத்துவதால் அப்பெயர் பெற்றன என்பது பிற்கால உரை. பியூ பம்பரில் லப்பம் நிற்காது. பம்பர் அசையும்போது அது உதிரும். திரிதல் என்பது ஹீட் கன் வைத்துச் சூடாக்கி வளைப்பது. கெடுதல் என்பது இடிக்கும் உறுப்பைக் கிரைண்டரால் வெட்டி எறிவது. பனிவிளக்குத் தாங்கியை வெட்டுவார்கள், போகட்டும். பம்பருக்குப் பின்னால் குறுக்கே போகும் இரும்புத் தாங்கியையும் இடம் போதவில்லை என்று வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மோதலில் அடியை வாங்க வேண்டியது அதுதான். இங்கே இலக்கணம் பேச மனம் வரவில்லை; அப்படி வெட்டச் சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

புணர்ச்சி முடிந்ததும் பட்டறை அண்ணன் பழந்துணியில் கையைத் துடைத்தபடி ஒரு வாக்கியம் அருளுவார். அது வருமாறு: “ரெண்டு நூல் கேப் வரும் சார். ஓட்ட ஓட்ட செட் ஆயிரும்.”

நூல் என்றது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை. தொட்டுப் பார்த்த பிறகே மேற்கோள் காட்டப்படும் நூல்கள் இவை மட்டுமே. மேலே சொன்ன 40 மில்லிமீட்டர், பன்னிரண்டு நூலுக்கும் அதிகம். ரெண்டு என்றது உயர்வு நவிற்சிக்கு மறுதலை.

இரண்டாம் வாக்கியமே உரையாசிரியர்களைப் பிரித்தது. அதில் எழுவாய் தோன்றவில்லை. எது செட் ஆகும்? பம்பர் செட் ஆகும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது; வெயிலில் பியூ தொய்யுமே அன்றி இறுகாது, கேப் பெருகவே செய்யும். கண் செட் ஆகும் என்பர் மற்றொரு சாரார். பார்த்துப் பார்த்துப் பழகிவிடும் என்பது அவர் கருத்து. பட்டறை வழக்கும் இவர் பக்கமே. மூன்றாம் சாரார், ஓட்ட ஓட்டப் பம்பரே கழன்று விழும், விழுந்தபின் கேப் எனத் தனியே ஒன்று இல்லை, இதுவே வீடுபேறு என்பர். இதன்மேல் ஓர் அரும்பத உரை இருந்து, அதைக் கறையான் அரித்து, எஞ்சிய ஓர் ஏட்டில் ‘வாஷர்’ என்ற சொல் மட்டும் தப்பி, அது ‘வாழ்நர்’ எனத் தவறாகப் படிக்கப்பட்டு, பண்டைத் தமிழர் குடியிருப்புகள் குறித்த ஒரு நீண்ட விவாதத்துக்கு வழிவகுத்தது என்று வைத்துக்கொண்டால் நாம் வியக்கப் போவதில்லை. ‘ஓட்ட ஓட்ட’ என்ற அடுக்கு எப்பொருளில் வந்தது என்ற வினாவும் உண்டு. அடுக்குத்தொடர் விரைவு, வெகுளி, உவகை, அச்சம் ஆகிய பொருள்களில் வரும். விரைவு என்றால் அண்ணனுக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது. வெகுளி, அச்சம் இரண்டும் நமக்குரியவை. உவகை யாருடையது என்பது பில்லைப் பார்த்தால் விளங்கும்.

தரைமட்டம் பற்றி ஒரு சொல். ஜப்பானில் வாகனச் சோதனையில் தேற, காருக்கும் தரைக்கும் நடுவே 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இந்தியச் சாலைப் பேராயம் தன் விதிநூலில் வகுத்த வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். மிச்சமிருக்கும் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் முன் பம்பரின் உதடு போகிறது. இதுவும் விதிப்படி அமைந்த வேகத்தடைக்குரிய கணக்கு. தெருக்காரர்கள் இரவோடிரவாகக் கட்டியவை நூலில் அடங்கா, அவை புறனடை.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பம்பராகமம் ஏன் கடலுக்குள் போயிற்று என்பது இத்தீர்ப்பால் ஓரளவு விளங்கும்.

வாங்கித்தான் தீருவேன் என்பவர் பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை வெறுமனே மாட்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்த பம்பரைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். கழற்றிய அசல் பம்பரை எடைக்குப் போடாதீர்கள். திருவள்ளூர் லான்சரின் அசல் முன்பம்பர், தாங்கிகள் உடையாமல், யார் வீட்டு மாடிப்படிக்கடியிலாவது கிடந்தால் ஆய்வாளருக்குத் தெரிவிக்கவும். விலை பேசிக்கொள்ளலாம்.