மறைவாக நோன்பிருக்க ஓர் இடம் வேண்டும்

சாம்பல் புதன் திருப்பலியில் வாசிக்கும் நற்செய்தி, மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியாதே, முகத்தைக் கழுவிக்கொள், நீ நோன்பிருப்பது அடுத்தவனுக்குத் தெரியவேண்டாம் என்று ஆண்டவர் புத்தி சொல்கிறார். அதை வாசித்து, விளக்கமும் சொல்லி முடித்த கையோடு ஃபாதர் கீழே இறங்கி வந்து, நாலு தெரு தள்ளி நிற்பவனுக்கும் தெரிகிற மாதிரி எங்கள் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டு அனுப்பிவிடுகிறார்.

சாம்பலும் வெளியூர்ச் சரக்கில்லை. போன வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் வெட்டியது. வருடம் முழுக்க மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையைக் கோயிலில் திரும்ப வாங்கி, எரித்து, சலித்து, எங்கள் தலைக்கே கொண்டுவருகிறார்கள்.

வேறு ஊர்க்காரர்களுக்கு வேண்டுமானால் இந்த முரண்பாடு உறுத்தலாம். கம்பம் பள்ளத்தாக்கில் மறைவு என்று ஓர் இடமே கிடையாது. மேற்கே மலை, கிழக்கே மலை, தெற்கே போனால் அங்கேயும் மலை. நடுவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி மாதிரி கோயில் மணி கேட்டு எழுகிற ஊர்களாகட்டும், கிறிஸ்தவர் நாலு வீடு மட்டும் இருக்கிற ஊராகட்டும், தவக்காலம் வந்தால் முதலில் தெரிந்துகொள்வது கறிக்கடைக்காரர்தான். சாம்பலைப் பார்த்த உடனே, “என்னண்ணே, ஆரம்பிச்சாச்சா? ஈஸ்டர் என்னிக்கு வருது?” என்று தேதியைக் குறித்துக்கொள்வார். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்ற கணக்கை எனக்குத் தெளிவாகச் சொன்னவரே அவர்தான். அவருக்கு ஆடு பிடிக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டம் ஒன்றும் கடுமையானதல்ல. 1983ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பின்படி, ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு, என்று கட்டாயமாக இருக்கவேண்டியது இரண்டே நாள்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். பதினெட்டு வயது நிறைந்தவருக்கு அது தொடங்கும். ஐம்பத்தொன்பது நிறைந்தால் விடுதலை. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு, பதினாலு வயதிலிருந்து. அவ்வளவுதான்.

இது எங்கள் பெரியம்மாவுக்குத் தெரியாது என்றில்லை. எழுபது தாண்டிய அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை என்று ஃபாதரே சொல்லிப் பார்த்துவிட்டார். பெரியம்மாவோ சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரைக்கும் கவுச்சி தொடமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவேளைச் சாப்பாடு. வீட்டில் மற்றவர்களுக்கும் அதுவே விதி. “சட்டம் ரோமாபுரில இருக்கட்டும்டா. சட்டி என் கையில இருக்கு” என்பார்.

மீன் விஷயமும் அப்படித்தான். சுத்தபோசனத்தில் விலக்கியது இறைச்சியைத்தான், மீனுக்குத் தடையில்லை. கடல் எங்களுக்கு வெகுதூரம் என்றாலும் வைகை அணை இருக்கிறது. அணைக்கட்டுப் பக்கம் மசாலா தடவி வாணலியில் புரட்டும் ஜிலேபிக் கெண்டையின் வாசம் ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் வருவதாக எனக்கு ஒரு பிரமை உண்டு. சட்டத்தை எடுத்துச் சொன்னேன். “மீனு என்ன செடியிலயா காய்க்குது?” என்று கேட்டுவிட்டு பெரியம்மா முருங்கைக்கீரை உருவப் போய்விட்டார்.

இவ்வளவு செய்தும் வெள்ளிக்கிழமையில் நமக்கென்று ஒரு பெயர் கிடைப்பதில்லை. ஐரோப்பாக்காரன் வெள்ளியன்று இறைச்சியை விட்டால் அது தியாகம். இங்கே ஊரில் பாதி வீட்டில் வெள்ளிக்கிழமை அடுப்பில் கறி ஏறாது. கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் நாளில் எனக்குக் கறி வேண்டாம் என்று நான் சொன்னால் யார் மெச்சுவார்கள்?

உண்மையான சோதனை மற்ற நாட்களில் வருகிறது. தவக்காலத்தில் நாங்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் மாசியிலும் பங்குனியிலும் காதுகுத்து, குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு என்று சிநேகிதர்கள் வீட்டு விசேஷம் வரிசை கட்டும். போகாமல் இருக்க முடியாது. போன தடவை அவர்கள் எழுதிய மொய் நோட்டில் இருக்கிறது. ஆக, மொய்யை எழுதிவிட்டு, பந்தியைச் சுற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். வாசலில் மாப்பிள்ளை ஒருத்தன் மறிப்பான்.

“என்ன மாப்ள, கை நனைக்காமக் கெளம்பிட்ட?”

“தவக்காலம்யா.”

“அடப்பாவி, மறந்தே போச்சு. இரு, சாம்பார் இருக்கான்னு பாக்குறேன்.”

ஐந்நூறு பேர் கறி சாப்பிடும் பந்தலில் எனக்கு மட்டும் சாம்பார் தேடி நாலு பேர் ஓடுவார்கள். நீ நோன்பிருப்பது அடுத்தவனுக்குத் தெரியவேண்டாம் என்றாரே, அந்த வசனம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு என்று ஒன்று உண்டு. சாம்பல் புதன் தொடங்கி பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் இருக்கும் ஆறு ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் நோன்பில் சேராது, கழித்தால் நாற்பது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்து ஓடியவர்கள்கூட இந்த ஒரு கழித்தலைப் பிழையில்லாமல் செய்வார்கள். பெரியம்மா மட்டும் கழித்தல் அறியாதவர்.

கறி தவிர வேறு எதையாவது விடுங்கள் என்று ஃபாதர் பிரசங்கத்தில் கேட்டுக்கொள்வார். பிள்ளைகள் சாக்லேட்டை விடுவார்கள், செல்போனை விடமாட்டார்கள். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் திராட்சையை விட்டார். எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று அதன் வரலாறு சொல்கிறது. கொண்டுவந்ததும் பாதிரியார், விடச் சொல்வதும் பாதிரியாரா என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறை. வருடம் முழுக்கக் காய்க்கிற ஊரில் சீசன் முடிந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

2025இல் ரமலான் நோன்பு மார்ச் 2ஆம் தேதி தொடங்கியது. எங்கள் சாம்பல் புதன் மார்ச் 5. கம்பத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை பாய், விடியலிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர்கூடத் தொண்டையில் இறக்காமல் எனக்கு டீ ஆற்றிக்கொடுத்தார். காலைப் பலகாரத்தை விட்டதற்கே கண்ணைக் கட்டுகிறது என்று அவரிடம் போய்ப் புலம்ப வாய் வருமா? சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சேதி: “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கறி போடாததத் தனியா எடுத்துவச்சு அனுப்பியிருக்கேன்.” என் சுத்தபோசனத்தை என்னைவிடச் சரியாக நினைவில் வைத்திருந்தவர் அவர்.

வெள்ளி மாலை சிலுவைப்பாதை. நிலைகள் பதினாலு என்று 1731இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் நிர்ணயித்தார். அவர் முழங்கால் திடமாக இருந்திருக்க வேண்டும். பங்கில் இருக்கும் அன்பியங்களில், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுக்களில், வாரம் ஒன்று நடத்தும். போன வாரத்து அன்பியத்தைவிடத் தங்கள் சிந்தனை நீளமாக இருக்கவேண்டும் என்பது எழுதாத விதி. ஆகவே ஒவ்வொரு நிலையிலும் முல்லைப் பெரியாறு, பிளாஸ்டிக் பை, மாமியார் மருமகள் எல்லாம் வந்து போகும். ஒருமுறை பன்னிரண்டாம் நிலையில், ஆண்டவர் உயிர்விடும் இடத்தில், எல்லாரும் முழந்தாளிட்டோம். மௌனம். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. இப்படி ஒரு பக்தியை எங்கள் பங்கு கண்டதில்லை. பின்வரிசையில் ஒரு பாட்டி விசும்பத் தொடங்கிவிட்டார். ஓரக்கண்ணால் பார்த்தேன். வாசிக்கவேண்டிய ஓய்வுபெற்ற வாத்தியார், நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தார். அந்த வருடம் எங்கள் பங்கில் நடந்த ஆழமான ஜெபம் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

பெரிய வியாழன் பூசையோடு மணி ஓய்ந்துவிடும்; பாஸ்கா இரவுவரை மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்துவிட்டு வந்தால் கோயில் வாசலில் கஞ்சி. பட்டினிக் கஞ்சிதான். அதற்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், கீறிய மாங்காய். ஜாதி மதம் பாராமல் தெருவே தூக்குவாளியோடு நிற்கும். கறிக்கடைக்காரரும் நிற்பார். ஞாயிறு விடிய அவருக்கு வேலை இருக்கிறது.

மறைவில் நோன்பிருந்தால் மறைவில் காணும் தந்தை கைம்மாறு தருவார் என்பது வாக்குறுதி. என்னை மறைவில் விட்டிருந்தால் இரண்டாவது வாரமே வைகை அணைப் பக்கம் பார்த்திருக்கலாம். கறிக்கடைக்காரர், மாப்பிள்ளை, பாய், பெரியம்மா என்று நாலு திசையிலும் ஆள் நின்று என் நோன்பைக் காவல் காக்கிறார்கள். கைம்மாறு தரும் நாளில் பாதியைப் பிரித்து அவர்களுக்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தவக்காலத்தில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். தெருவில் முதலில் வருவது பெரியம்மா வீடு. அங்கே நின்றுவிடாமல் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.