வீட்டு நினைப்புக்கு மாத்திரை இல்லை

ஹோன்ஸ்டேல் அருகே, பென்சில்வேனியா
ஆடி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இங்கே நானும் உங்கள் மருமகனும் நலம். அம்மாவின் முழங்கால், கிணற்று மோட்டார், சினையாடு மூன்றின் நிலவரமும் அறிய ஆவல். இன்று வியாழன் என்பதால் அண்ணன் விடியுமுன்பே அய்யலூர் சந்தைக்குள் நின்றிருப்பார், ஆடி விலையைப் பிடித்திருப்பார் என்று நம்புகிறேன்.

"லீவுக்குப் பிள்ளையக் காட்டுக்குள்ள கொண்டுபோய் விடுறதுக்குக் காசு கட்டுவாங்களாக்கும்?" என்று மதினி ஃபோனில் கேட்டபோது சிக்னல் போய்விட்டது. கட்டுகிறார்கள், மதினி. ஏழு வார முகாமுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டுகிறார்கள். நம் காசுக்கு எட்டு லட்சத்தைத் தாண்டும். பயப்பட வேண்டாம், நான் கட்டவில்லை. முகாமில் நர்ஸாக வேலை பார்த்தால் பெற்ற பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. கோடையில் காட்டுக்கு வருகிற நர்ஸுகள் பலர் இந்தக் கணக்கில்தான் வருகிறோம்.

இங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஜூன் கடைசியிலிருந்து பத்து வாரம் போல விடுமுறை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள், ஆத்தா வீடு என்று ஒன்று பக்கத்தில் கிடையாது. பிள்ளையை என்ன செய்வது? இதற்கு வழி காட்டியவர் கனெக்டிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்ற ஊரிலிருந்த ஃபிரெடரிக் கன் என்ற பள்ளிக்கூட வாத்தியார். 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், அவருடைய மாணவர்களுக்குச் சிப்பாய் ஆகும் ஆசை வந்துவிட்டது. துப்பாக்கி கொடுக்க முடியாது. நடக்கவைக்கலாமே என்று நாற்பது மைலுக்கு மேல் நடத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்தார். அமெரிக்காவின் முதல் கோடை முகாம் அதுதான் என்கிறார்கள். அந்த வாத்தியார் பிழைக்கத் தெரியாதவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஏரிக்கரையில் இடத்தை வளைத்துப் போட்டார்கள். இந்த மாவட்டத்தில் எந்த ஏரியைப் பார்த்தாலும் கரையில் ஒரு முகாம் இருக்கிறது.

முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பேன் பார்த்தோம். சந்தையில் அண்ணன் ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்து, முதுகை அழுத்தி, அடுத்த ஆட்டுக்கு நகர்வாரே, அதே வேகம். பேன் இருந்தால் பிள்ளை குடிலுக்குள் போக முடியாது. இந்தச் சோதனைக்கென்றே இங்கே கம்பெனிகள் இருக்கின்றன. நம் பெரியத்தை திண்ணையில் உட்கார்ந்து சும்மா பார்த்துவிட்ட பேனுக்கெல்லாம் பில் போட்டிருந்தால் இந்நேரம் திண்டுக்கல்லில் இரண்டு வீடு வாங்கியிருக்கும்.

இனி ஒரு நாளின் கதை. காலை ஏழேகாலுக்கு ஒலிபெருக்கியில் ஊதுகொம்பு. எட்டு மணிக்குக் கொடியேற்றம், பிறகு சாப்பாட்டுக் கூடம். அதன் பிறகு குடில் சுத்தம் செய்யும் நேரம். சுவரில் அட்டைச் சக்கரம் ஒன்று தொங்கும்; அதைத் திருப்பினால் இன்று யார் கூட்டுவது, யார் கக்கூஸ் கழுவுவது என்று தெரியும். வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத உங்கள் மருமகன் இங்கே கக்கூஸ் கழுவி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். அதன் பிறகு நீச்சல், வில்வித்தை, படகு, களிமண், பந்து என்று மணியடிக்க மணியடிக்க ஓட்டம்.

நீச்சலை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. இருவர் பெயர் வில்லையும் கரையிலிருக்கும் பலகையில் மாட்டப்படும். சில நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதுவார்கள். உடனே ஜோடிகள் கையைப் பிடித்துத் தூக்கிக்காட்ட வேண்டும். தலையை எண்ணிப் பலகையோடு சரிபார்ப்பார்கள். ஒரு ஜோடி குறைந்தால் முகாமே நின்றுவிடும். அப்பா அண்ணனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, "வந்துருவான்டா" என்று பீடி பற்ற வைத்ததை இவர்களிடம் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பார்த்தால், அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

என் வேலைக்கு வருகிறேன். சாப்பாட்டு வேளைதோறும் மருந்து வரிசை. கவனக்குறைவுக்கு மாத்திரை, ஒவ்வாமைக்கு மாத்திரை, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சி, எதற்கென்று தெரியாத வைட்டமின். வேளைவாரியாகப் பொட்டலம் கட்டிப் பெயர் அச்சிட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் பலர் இருப்பதால் வளாகத்தில் எங்குமே கடலைக்கு அனுமதியில்லை. ஒரு கடலைமிட்டாயால் மூச்சடைத்துப் போகலாம் என்பதால் ஊசியை இடுப்பிலேயே வைத்திருக்கிறேன். எனக்கே கடலைமிட்டாய் கனவில்தான்.

அப்புறம் உண்ணி. அண்ணனுக்குத் தெரிந்த ஆசாமிதான். ஆனால் இங்கே மனிதனைப் பிடிக்கிறது. லைம் நோயைக் கொடுக்கும் மான் உண்ணி எள்ளை விடப் பெரிதில்லை. முன்னே சொன்ன கனெக்டிகட்டில் லைம் என்று ஒரு ஊர். 1970-களில் அங்கே பிள்ளைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீங்கியதை வைத்துக் கண்டுபிடித்ததால் நோய்க்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டே இருந்தால்தான் கிருமியை இறக்கும். அதனால் ராத்திரிதோறும் அக்குள், காது மடல், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்க்கச் சொல்கிறோம். எண்ணெய் ஊற்றக் கூடாது, தீக்குச்சியால் சுடக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அண்ணன் ஆட்டுக்கு வேப்பெண்ணெய் தடவுகிற கதையை நான் இவர்களிடம் எடுக்கவில்லை.

இத்தனை நோய்க்கும் என்னிடம் பெட்டியில் ஏதாவது இருக்கிறது. இல்லாதது ஒன்றுக்குத்தான்: வீட்டு நினைப்பு. முகாமின் தலையாய வியாதி அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகே. கைப்பேசியை முதல் நாளே வாங்கிப் பூட்டிவிடுவதால் அம்மா குரலைக் கேட்க வழியில்லை. மணியடித்து மணியடித்து ஓடவிடுவது எதற்கென்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. பிள்ளைக்கு உட்கார்ந்து நினைக்க நேரமே கொடுக்கக் கூடாது! அட்டவணையில் ஒரே ஓட்டைதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் படுக்கையில் ஓய்வு. அந்த நேரத்தில்தான் என் வாசலில் கூட்டம். தலைவலி, வயிற்றுவலி, "என்னமோ மாதிரி இருக்கு". தெர்மாமீட்டர் வைத்தால் 98.6.

"வீட்டு ஞாபகமா?" என்று எடுத்தவுடனே கேட்கக் கூடாது, கேட்டால் மடை உடைந்துவிடும். இஞ்சி சோடாவும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்து, உன் நாய்க்கு என்ன பெயர் என்று ஆரம்பிக்க வேண்டும். இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "பிடிக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று புறப்படும்போது வாக்குக் கொடுக்காதீர்கள். வாக்கு வாங்கி வந்த பிள்ளை முதல் நாளிலிருந்து அதைத்தான் எண்ணிக்கொண்டு கிடக்கும். வாங்காத பிள்ளை ஒரு வாரத்தில் தேறிவிடுகிறது.

தேறாதவர்கள் பெற்றோர்கள். முகாமில் தினமும் நூற்றுக்கணக்கில் படமெடுத்து இணையத்தில் போடுகிறார்கள். நியூயார்க்கில் ராத்திரி தூங்காமல் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, காலையில் அலுவலகத்துக்கு ஃபோன். "படத்தில் என் மகன் சிரிக்கவில்லை." "முந்தாநாள் போட்ட சட்டையையே போட்டிருக்கிறான்." "முழங்காலில் தெரிவது புண்ணா, சேறா?" கடைசிக் கேள்வி எனக்கு வரும். நான் போய் முழங்காலைத் துடைத்துப் பார்த்துச் சேறு என்று எழுதிக் கொடுப்பேன்.

பெற்றோர் பார்க்க வரும் நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள். எட்டரைக்கே வந்து நிற்கிறார்கள். கேட்டைத் திறந்ததுதான் தாமதம், வக்கீல், டாக்டர், வங்கி மேனேஜர் எல்லாரும் புல்வெளியில் ஓடுகிறார்கள். கையில் மூட்டை மூட்டையாகத் தின்பண்டம். அன்று சாயங்காலம் என் மருத்துவ அறையில் வாந்தி எடுக்காத பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

உங்கள் மருமகனுக்கு நான் இங்கே அம்மா இல்லை. வரிசையில் வந்து நின்று, "நர்ஸ், என் கையில் முள்" என்கிறான். முள்ளை எடுத்ததும் "தேங்க் யூ, நர்ஸ்" என்று போய்விட்டான். அவன் பெருமை அவனுக்கு. ஆனால் ஒரு ராத்திரி, கணப்பைச் சுற்றி உட்கார்ந்து மார்ஷ்மெல்லோவைச் சுட்டுச் சாக்லேட்டோடு தின்னும்போது, உங்கள் ஊர்க் காட்டில் கரடி உண்டா என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். (இங்கே உண்டு. அதனால் குடிலுக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது.) கரடியை விடுங்கள், எங்களிடம் தேவாங்கு இருக்கிறது என்றேன். ராத்திரியில் மட்டும் வெளியே வரும், முகத்தில் பாதி கண், வாலே இல்லை, பூச்சி தின்று விவசாயியைக் காப்பாற்றும் என்று சொன்னேன். கடவூர், அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து 11,806 ஹெக்டேரை 2022-இல் அரசு தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்ததையும் சொன்னேன். இந்தியாவில் அப்படி ஒன்று அதுதான் முதல். உடனே உங்கள் மருமகன் எழுந்து, "அது எங்க ஊர்" என்றான். அவன் கண்ணால் பார்த்ததே இல்லை! மறுநாள் அவன் குடில் வாசலில் "தேவாங்குகள்" என்று பலகை தொங்கியது. நம் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் அடிதடி ஆகும்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அம்மா அழும், ஆகவே சுருக்கமாக. ரொட்டி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி. மூன்றையும் இடம் மாற்றி வைத்தால் வேறு பெயர். தக்காளிச் சாஸ் மட்டும் ஆறாக ஓடுகிறது. விலை விழுந்து நம் மார்க்கெட்டுக்கு வெளியே தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிறார்களே, அவர்களுக்கு இந்தப் பிள்ளைகளைக் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுதிக் காட்டினால்தான் ராத்திரிச் சாப்பாடு. முகாமிலிருந்து வீட்டுக்குப் புலம்பும் பிள்ளைக் கடிதம் இந்த நாட்டில் பழைய வேடிக்கை. ஆலன் ஷெர்மன் என்பவர் 1963-இல் அதை வைத்தே ஒரு பாட்டுப் பாடி, அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. மற்ற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள். அம்மா பக்கத்திலேயே இருக்கிற உங்கள் மருமகன் யாருக்கு எழுதுவான்? உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறான், ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதி. இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழையைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். தபால் வரும் நேரத்தில் பெயர் கூப்பிடும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது வருகிறது. அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு பக்கம் கைப்பட எழுதுங்கள். ஆடு குட்டி போட்டதா, எத்தனை, என்ன நிறம், வண்டிக்கருப்பணசாமி கோயிலில் இப்போது எத்தனை லாரி நிற்கிறது, இதெல்லாம் போதும். உபதேசம் வேண்டாம். மதினி முறுக்கு, கடலை உருண்டை எதுவும் வைத்து அனுப்ப வேண்டாம். வாசலிலேயே பிரித்து எறிந்துவிடுவார்கள், கடலை உருண்டைக்கு நானே கையெழுத்துப் போட்டு எறிய வேண்டியிருக்கும். முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. ஆகஸ்ட் பத்துக்குள் வந்து சேர வேண்டும், உடனே போடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை