விலாங்குக் கட்சி

மாத்தளையில் எங்கள் மாமா தையற்கடை வைத்திருந்த காலத்தில், கடவுள் இல்லை என்று சொல்ல ஒரு கறுப்புச் சட்டையும் கொஞ்சம் திடமான உடம்பும் வேண்டும். சட்டை கொள்கைக்கு, உடம்பு அடி வாங்க. இன்றைக்கு என் பேத்திக்கு ஒரு போன் போதும். போன மாதம் அவள் முகநூலில் தன் பெயருக்குக் கீழே 'அக்னாஸ்டிக்' என்று போட்டுக்கொண்டாள். நாற்பத்தொரு பேர் இதயம் போட்டார்கள். அதில் இரண்டு பேர் கோயில் பரிபாலன சபைக்காரர்கள்.

பெரியார் 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிப் பேசிவிட்டுப் போனார். அந்த விதை மலையகத்தில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகமாக முளைத்தது. 1962இல் அரசாங்கம் கழகத்தைத் தடை செய்தது. சட்டையைத் தடை செய்ய மறந்துவிட்டது. மாமாவோ தையற்காரர். துணிக்கு என்ன பஞ்சம்?

அவருடைய மூலவர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பாதிரியார் வீட்டில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்த மனிதர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். என்னென்ன அற்புதம் என்று பட்டியலும் போட்டார். மூடிய உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும், தணலின் மேல் கால் கொப்பளிக்காமல் அரை நிமிடம் நிற்க வேண்டும், இப்படி. அந்தப் பட்டியலை மாமா கடைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். காற்சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவன் அதைப் படிக்காமல் தப்ப முடியாது.

தீமிதிப்பு நாளில் மாமா கைக்கடிகாரத்தோடு குழியோரம் நிற்பார். ஆட்கள் நாலைந்து எட்டில் கடந்துவிடுவார்கள். "ஓடாதீங்கடா, நில்லுங்க! அரை நிமிசம் நின்னா லட்ச ரூபா!" யாரும் நிற்கவில்லை. "நேந்துக்கிட்டது நடக்கத்தானே ஒழிய நிக்க இல்லடா" என்பாள் பாட்டி. கோவூரின் லட்சம் 1978இல் அவர் சாகும்வரை பத்திரமாகவே இருந்தது. கண்ணைக் கண் வங்கிக்கும் உடம்பை மருத்துவ மாணவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டிக்குக்கூட அது பிடித்திருந்தது. "புண்ணியவான்" என்றாள். மாமாவுக்கு அந்தச் சொல்தான் பொறுக்கவில்லை.

பாட்டியின் பக்தியில் தர்க்கம் கிடையாது, வரலாறு உண்டு. அவளுடைய பாட்டன் பாட்டி மன்னாரில் கரையேறி, தம்புள்ளைக் காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்கள். வாந்திபேதியும் அம்மையும் வழிநெடுகத் தின்றுபோட்டதில் மிச்சமிருந்தவர்கள் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. அம்மைக்கு மாரியம்மனைக் கும்பிட்டவர்களிடம் போய் 'நம்பிக்கை உண்டா?' என்று கேட்பது, தாகத்தில் கிடந்தவனிடம் தண்ணீர் மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்பது மாதிரி.

மாமாவிடம் ஒரு சின்ன முரண் இருந்தது. மாசிமகத்துக்கு எங்கள் ஊர் முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் புறப்படும். அந்தத் தேர்களில் தொங்கும் தொம்பைகளைத் தைத்துக் கொடுப்பவர் அவர்தான். கேட்டால், "கூலிக்குச் சாமி கிடையாது" என்பார். கோயிலுக்கு அவர் போட்ட பில்லில் ஒரு சதம்கூடக் குறைத்ததில்லை.

1981இல் குடிசனக் கணக்கெடுக்க ஒரு பிள்ளை வந்தாள். சமயம்? "இல்லை" என்றார் மாமா. அவள் பேனாவைக் கடித்தபடி தாளைப் பார்த்தாள். பௌத்தம், இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் எல்லாம் இருந்தன, மற்றவையும் இருந்தது. இல்லைதான் இல்லை. "மற்றவைன்னு போடவா ஐயா?" "நான் எவனுக்கும் மற்றவன் இல்லம்மா." அவள் சிரித்துக்கொண்டே 'இந்து' என்று எழுதிக்கொண்டு போனாள். மாமா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரத்தில் வந்தவர்கள் கணக்கெடுக்கும் பிள்ளையைவிட அவசரத்தில் இருந்தார்கள். ஆத்திகனா நாத்திகனா என்று யாரும் கேட்கவில்லை. கோயில் எரிந்தது, தேர்கள் எரிந்தன, மாமாவின் கடையும் கோவூர் பட்டியலோடு எரிந்தது.

புதுத் தேர்களுக்கு மாமாதான் தொம்பை தைத்தார். இந்த முறை பில் போடவில்லை. 'திருந்திட்டார்' என்று ஊர் பேசியது. நான் கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்: "தேருக்குத் தைக்கலடா. எரிச்சவனுக்குத் தைக்கிறேன்."

நான் எந்தக் கட்சி என்று இதுவரை சொல்லாமல் நழுவியது தற்செயல் அல்ல. எங்கள் கட்சிக்கே அதுதான் குணம். டவுனிலிருந்து வடக்கே மூன்று கிலோமீட்டர் போனால் அலுவிகாரை. வாய்வழியாகவே வந்த திரிபிடகத்தைக் கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் பிக்குகள் ஓலையில் ஏற்றிய குகைகள் அங்கேதான். இன்றும் போனால் தாளிப்பனை ஓலையில் நம் பெயரை எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்துக் கொடுப்பார்கள். தட்டில் ஏதாவது போட வேண்டும்.

அந்தப் பிடகத்துக்குள் புத்தருடைய பேச்சு மட்டும் இல்லை. கொடுத்தது புண்ணியம் ஆகாது, செத்தால் மண் மண்ணோடு சேரும், அவ்வளவுதான் என்ற அஜித கேசகம்பளியும் இருக்கிறார். மறுவுலகம் உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், இரண்டும் அல்ல என்றும் ஒத்துக்கொள்ளாமல் வழுக்கிய சஞ்சயரும் இருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்குப் பாளியில் ஒரு பட்டம் உண்டு. விலாங்குபோல் நெளிகிறவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஹக்ஸ்லி 1869இல் 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை உண்டாக்குவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே எங்கள் ஊர்ப் பாறையில் அந்தக் கட்சிக்குப் பெயர் பதிவாகிவிட்டது. தமிழ் அகராதி 'அறியொணாவாதி' என்கிறது. அதை நாக்கு சுளுக்காமல் சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. விலாங்கே மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேதத்தை ஏற்காதவனே நாத்திகன் என்ற பழைய கணக்குப்படி பார்த்தால், அலுவிகாரைப் பிக்குவும் எங்கள் மாமாவும் ஒரே பட்டியில் அடைக்கப்பட வேண்டியவர்கள். படைத்த கடவுள் என்று ஒருவரை பௌத்தம் ஏற்பதில்லை. ஆனால் சிங்களப் பெண்கள் பூத்தட்டோடு முத்துமாரியிடம் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அம்மனும் அத்தாட்சிப் பத்திரம் கேட்பதில்லை.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டையும் பண்டாரமும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். அத்தை அந்தக் கடிதத்தைப் பயபக்தியோடு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அக்னாஸ்டிக் பேத்திக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. சமயம் கட்டாயப் பாடம். நம்பாதவர்களுக்கென்று ஒரு வினாத்தாள் இன்னும் அச்சாகவில்லை, ஆகவே அவளுக்குச் சைவநெறி. நேற்று இரவு புத்தகத்தை என் மடியில் போட்டுக் கேள்வி கேட்கச் சொன்னாள்.

"ஐந்தொழில் எவை?"

"படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல்." ஒரே மூச்சு.

"மறைத்தல்னா?"

"உயிருக்கு உண்மை தெரியாம இறைவன் மறைச்சு வைக்கிறது."

"அப்ப நீ போட்டிருக்கியே அக்னாஸ்டிக்னு, அது இதுக்குள்ள வந்துருதா இல்லையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அது சிலபஸ்ல இல்ல தாத்தா. அடுத்ததக் கேளுங்க."